கையடை: புகுந்த ஊரை விட்டுப் பிரியும் அயல்நாட்டுத் தொண்டர் குறித்து ஓர் ஆய்வு

1. ஐந்தருவியில் எழுந்த வினா

ஆரியங்காவுக் கணவாயின் வழியே மேல்காற்று சாரலைச் சுமந்துகொண்டு வரத் தொடங்கும் ஆனி மாதத்தில் குற்றாலம் விழித்துக்கொள்கிறது; ஆவணி கழிந்து, காற்று ஓய்ந்து, திரிகூட மலையின் சிகரங்களை மூடியிருந்த மேகம் கலைந்து, ஐந்தருவியில் ஐந்து கிளைகளாக ஆரவாரித்து விழுந்த நீர் மெலிந்து மெலிந்து பாறையை நனைக்கும் அளவினதாகச் சுருங்கும்போது, சீசனை நம்பிக் கடை விரித்தவர்கள் தார்ப்பாய்களை மடித்து, நேந்திரங்காய் வறுத்த பெருஞ்சட்டிகளைக் கவிழ்த்து, அடுத்த ஆனி வரையில் வேறு பிழைப்பைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறார்கள். வந்தவர் போவது இவ்வூருக்குப் புதிதன்று. நாள் குறித்து வருவதும் நாள் முடிந்ததும் போவதும் இங்கே ஒரு குற்றமாக எண்ணப்படுவதில்லை. போகிறவரைப் பார்த்து ‘ஏன் போகிறீர்?’ என்று எவரும் மனத்தாங்கலோடு கேட்பதுமில்லை.

ஆனால் இதே மலையடிவாரத்தில், தென்காசிக்கு அணித்தே உள்ள ஆய்க்குடியில், பிரிவு வேறொரு முகத்தோடு வருகிறது. கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் 1975ஆம் ஆண்டு நேர்ந்த விபத்தினால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981ஆம் ஆண்டில் தம் சொந்த ஊராகிய ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கத்திற்கு, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் துணைசெய்யும் பொருட்டு, கனடா முதலிய தூரதேசங்களிலிருந்து தன்னார்வத் தொண்டர்கள் வருவதுண்டு. சில வாரங்கள் இருப்பவரும் உண்டு. பல மாதங்கள் தங்கி, தமிழில் நாலு வார்த்தை பேசக் கற்று, தெருவில் போகும்போது பேர்சொல்லி அழைக்கப்படும் அளவுக்கு ஊரோடு ஒன்றிவிடுபவரும் உண்டு. இத்தகைய ஒருவருக்குப் பெட்டி கட்டுவது ஒரு நாழிகை வேலைதான். நாள்தோறும் தம் கையைப் பிடித்து நடை பழகிய குழந்தைக்கு, நாளை முதல் இந்தக் கை இராது என்பதை எப்படிச் சொல்வது என்பதே பெரும் வேலை.

அயல்தேசத்திலிருந்து வந்து ஓர் ஊரைத் தம் ஊராக வரித்துக்கொண்ட ஒருவர், அவ்வூரை விட்டுப் புறப்பட ஆயத்தமாவது அவர் செய்த தொண்டின் முடிவா, அன்றி அத்தொண்டிற்கே உரிய ஓர் உறுப்பா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா. திருநெல்வேலிச் சீமையின் சரித்திரத்தில் இவ்வினாவுக்கு விடைதேடப் போதுமான சான்றுகள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிஷனரிகளைப் பற்றியவை. சமயம் பரப்ப வந்தவரையும், இரண்டாண்டுக் காலம் கோழி வளர்க்கவோ கை கால் மடக்கி நீட்டவோ கற்றுக்கொடுக்க வந்த இக்காலத் தொண்டரையும் ஒரே தட்டில் வைத்தல் தகுமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. இருவருடைய நோக்கங்களும் வேறு. ஆயினும், பிழைப்பின் நிர்ப்பந்தமின்றிப் பிறர் ஊரில் வேர்விட முயன்றவர்கள் என்ற வகையிலும், பிரியும் வேளையில் ஒரேவிதமான சங்கடத்துக்கு உள்ளானவர்கள் என்ற வகையிலும் அவர்களைச் சேர்த்து நோக்க இடமுண்டு. இக்கட்டுரை பிரிவை மட்டுமே பேசுகிறது.

2. வழங்கிவரும் இரண்டு அபிப்பிராயங்கள்

அயல்நாட்டுத் தொண்டரைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. ஒன்று, வாழ்க்கை வரலாற்று நூல்களும் நினைவு மலர்களும் வளர்த்தது: கடல் கடந்து வந்தவர் எத்தனை ஆண்டு இருந்தார், தாயகத்துக்குத் திரும்பாமல் இருந்தாரா, இந்த மண்ணிலேயே மடிந்தாரா என்பவற்றைக் கொண்டு அவருடைய அன்பை அளப்பது. மற்றொன்று, சுதந்திரத்துக்குப் பிந்தைய ஐயப்பாட்டில் பிறந்தது: வந்தவர் மதத்தின் பொருட்டோ, சாம்ராஜ்யத்தின் பொருட்டோ, தம் மன ஆறுதலின் பொருட்டோ வந்தவரே, ஆகையால் அவர் போனால் நன்று என்பது. இவ்விரண்டாம் கட்சியை மிகக் கடுமையாக எடுத்துரைத்தவர் இவான் இல்லிச். 1968ஆம் ஆண்டு மெக்ஸிகோ நாட்டின் குவெர்னவாக்கா நகரில், தொண்டு செய்ய வந்திருந்த அமெரிக்க மாணவர்களை நோக்கியே அவர் பேசினார். காண வாருங்கள், கற்க வாருங்கள், உதவி செய்ய வராதீர்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம்.

இரண்டு கட்சியாரும் வருகையைப் பற்றியே வாதிடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். போவது எப்படி என்று கேட்பதில்லை. முதற்கட்சியின் மனப்பாங்குக்கு நம் குடும்ப சம்பிரதாயத்திலேயே ஒரு வேர் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பிறந்தகம், புக்ககம் என்ற இரண்டு சொற்களால் ஒரு பெண்ணின் ஜீவியத்தை வகுத்துவிட்ட சமூகம் நம்முடையது. புகுந்த வீட்டுக்கு வந்தவள் அங்கேயே வாழ்ந்து அங்கேயே சாவது பெருமை. பிறந்த வீட்டுக்குத் திரும்புவது பழி. கடல் கடந்து வந்து நம் உணவை உண்டு, நம் உடையை உடுத்து, நம் மொழியைப் பேசிய ஒருவரையும் நாம் அறியாமலே மருமகளாக்கிவிடுகிறோம். ஆகவேதான் அவர் திரும்பிப் போனால், ‘அவ்வளவுதானா அன்பு?’ என்று உள்ளூரக் கேட்கிறோம். இந்த அளவுகோல் தொண்டுக்குப் பொருந்துவதா என்பதைச் சான்றுகளைக் கொண்டே பார்க்க வேண்டும்.

3. திரும்பாதவர்: டோனாவூர்

திரும்பாமையின் உருவமாகத் தென்னாட்டில் நிலைத்துவிட்ட பெயர் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்ற கடலோரச் சிற்றூரில் 1867ஆம் ஆண்டு பிறந்த அவர், ஜப்பானில் சிறிது காலம் பணிசெய்து உடல்நலம் குன்றி, 1895ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். 1901ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அவ்வாண்டிலேயே, களக்காட்டு மலைக்கு எதிரே, வானம் பார்த்த செம்மண் பூமியில் உள்ள டோனாவூரில் அவருடைய இல்லம் அமைந்தது. அதன்பின் ஐம்பது ஆண்டுகள். 1951ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் அங்கேயே இறந்தார். இந்தியாவுக்கு வந்த நாள் முதல் ஒருமுறையேனும் அவர் தாயகத்துக்குத் திரும்பவில்லை. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தபடியால், பறவைகள் நீர் அருந்தும் ஒரு கல்தொட்டி மட்டுமே அவ்விடத்தில் உள்ளது; அதில் ‘அம்மை’ என்ற ஒரு சொல்.

இம்மட்டோடு நிறுத்திக்கொள்வது வாழ்க்கை வரலாற்று நூல்களின் வழக்கம். ஆனால் சான்றுகளைச் சற்று நெருங்கிப் பார்த்தால், போகாதவராகிய அவரே போவதற்கான ஆயத்தத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளைக் கழித்தார் என்பது புலனாகிறது. 1931ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், களக்காட்டில் மருத்துவப் பணிக்காக எடுத்த ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றபோது, அந்தி மங்கலில் குழியில் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதற்குப் பின் எஞ்சிய காலமெல்லாம் அவருக்கு ஓர் அறையே உலகம். அந்த அறையில் இருந்தபடி நூல்களையும், இல்லத்தில் உள்ளோர்க்கு நாள்தோறும் குறிப்புகளையும் எழுதினார். இவற்றைப் பக்தி இலக்கியமாகப் படிப்போர் பலர். என் கருத்தில், அவை ஒரு நீண்ட ஒப்படைப்பு. தாம் இல்லாத நாளில் இந்த வீடு எப்படி மூச்சுவிட வேண்டும் என்பதைத் தம் குரலை எழுத்தாக்கி விட்டுப்போக முயன்ற ஒருவரின் உழைப்பு.

அந்த ஒப்படைப்பு எளிதாக அமையவில்லை என்பதுதான் இங்கே ஊன்றி நோக்கத்தக்கது. தம் பணியின் முதற்காலத்தில் அவருக்கு வலக்கையாக இருந்தவர் பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண்மணி. இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். நெய்யூரில் கைக்குழந்தைகளுக்காக ஏற்பட்ட இல்லத்தைக் கட்டிக்காத்தவர். தமிழ்ப் பெண் ஒருவரிடமே அனைத்தையும் ஒப்படைக்கும் நிலை இயல்பாகவே உருவாகியிருக்கக்கூடும்; ஆனால் 1915ஆம் ஆண்டில் பொன்னம்மாள் புற்றுநோயால் இறந்தார். பின்னாளில் காட்ஃப்ரே வெப்-பெப்ளோ, மறே வெப்-பெப்ளோ என்ற ஆங்கிலேய சகோதரர் இருவர் பொறுப்புகளை ஏற்றனர். மருத்துவராகிய மறே தம் குடும்பக் கடமையை முன்னிட்டு 1947ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குப் போக நேர்ந்தது. காட்ஃப்ரே 1949ஆம் ஆண்டில் காலமானார். எண்பது வயதைக் கடந்து படுக்கையில் கிடந்த கார்மைக்கேல், தம் கையிலிருந்ததை வாங்கிக்கொள்ள நீண்ட கைகள் ஒவ்வொன்றாக விலகுவதைக் கண்டபடியே இறந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு ஸ்தாபனத்தின் தலைவரே அதன் தாயாகவும் இருக்கும்போது, தலைமையை மாற்றுவது கடினமாகிறது. அதிகாரியின் இடத்தில் வேறொருவரை அமர்த்தலாம். ‘அம்மை’யின் இடத்தில் யாரை அமர்த்துவது? திரும்பாமையைப் பெருமையாகப் போற்றுவோர் இந்த விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1947ஆம் ஆண்டில், கோயில்களுக்குப் பெண்களை ஒப்படைக்கும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் பல்லாண்டுகள் போராடியதன் பலன் அது. டோனாவூர் இல்லம் எந்தக் காரணத்தினால் தோன்றியதோ அந்தக் காரணமே மாறிவிட்ட காலத்தில், அதைத் தொடர்ந்து நடத்த வேண்டிய சிரமம், நாளடைவில், அங்கே வளர்ந்த பெண்களுக்கும் பிற இந்தியருக்கும் உரியதாயிற்று. இன்று அவ்வில்லம் இந்தியர் கையில் இருக்கிறது என்பதே, அந்த இருபது ஆண்டு ஆயத்தம் முற்றும் வீணாகவில்லை என்பதற்குச் சான்று.

4. விலக்கப்பட்டவர்கள்

தாமே விரும்பிப் பிரிந்தவரினும், பிரியும்படி கட்டளையிடப்பட்டவர்களின் வரலாறு நம் வினாவுக்கு அதிக வெளிச்சம் தருகிறது. ஏனெனில் அவர்களுக்கு ஆயத்தம் செய்ய அவகாசமே கிடைக்கவில்லை.

டோனாவூர் என்ற பெயரைத் தந்தவரே இவ்வகையில் முதல்வர். பிரஷ்ய தேசத்தவரான ரேனியஸ் 1814ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, 1820ஆம் ஆண்டு முதல் பாளையங்கோட்டையில் ஊன்றினார். தமிழ் இலக்கணம் எழுதினார். 1832ஆம் ஆண்டில் பூமி சாஸ்திரம் என்ற நூலைத் தமிழில் வெளியிட்டார். பொருளுதவி செய்த டோனா பிரபுவின் பெயரை 1827ஆம் ஆண்டில் அந்தச் சிற்றூருக்கு இட்டார். குருப்பட்டம் அளிக்கும் முறை குறித்தும் ஆங்கிலத் திருச்சபையின் அமைப்புக் குறித்தும் எழுந்த கருத்து வேறுபாட்டினால், அவரை அனுப்பிய சங்கமே 1835ஆம் ஆண்டில் அவரை விலக்கியது. அவர் ஆர்க்காட்டுக்குப் போனார். ஆனால் திருநெல்வேலியில் இருந்த உபதேசியாரும் சபை மக்களும் திரும்பி வரும்படி வேண்டியதால், அவ்வாண்டிலேயே மீண்டார். சபைகள் இரு பிரிவாயின; 1838ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாளையங்கோட்டையில் அவர் மறைந்த பின்னரே பிளவு ஆறத் தொடங்கியது.

இந்நிகழ்ச்சியை இருவிதமாக விளக்கலாம். மக்களின் அழைப்புக்குச் செவிசாய்த்தது அன்பின் உறுதி என்பது ஒன்று. போனவர் மீண்டதால் மக்கள் இரு கூறாகி, ஒரு தலைமுறையின் ஒற்றுமை குலைந்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. எனினும், பதினைந்து ஆண்டு உழைத்த ஒருவர் போனதும் சபை தள்ளாடியதென்றால், பிழை அவர் மீண்டதில் இல்லை. தமிழரான உபதேசியாரிடம் முழுப்பொறுப்பையும் விடும் வழியை அக்காலத்துச் சங்கங்கள் அடைத்து வைத்திருந்ததிலேயே பிழை இருக்கிறது என்பது என் துணிபு. குருப்பட்டம் பற்றிய அந்தச் சச்சரவின் உட்பொருளும், உள்ளூராரிடம் எப்போது எதை ஒப்படைப்பது என்ற கேள்விதானே.

ஒரு நூற்றாண்டு கழித்து மதுரைச் சீமையில் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. 1925ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனுக்கு வந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான், காந்தியடிகளின் கடிதத்தை வைஸ்ராயிடம் எடுத்துச் சென்ற ரெஜினால்ட் ரெய்னால்ட்ஸ் என்ற ஆங்கில இளைஞருக்குத் தம் இல்லத்தில் இடமளித்த காரணத்தால், 1930ஆம் ஆண்டில் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. பின்னர்த் திரும்பி வந்தார்; 1944ஆம் ஆண்டில் மறுபடியும் வெளியேற்றப்பட்டார்; சுதந்திரத்துக்குப் பின் மறுபடியும் வந்தார். ‘போயிட்டு வாரேன்’ என்று நெல்லைச் சீமையில் சாதாரணமாகச் சொல்லப்படும் விடைமொழியை இவ்வளவு நேரடியாக மெய்ப்பித்தவர் வேறொருவரை நான் அறியேன். 1947ஆம் ஆண்டில் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் தோற்றுவித்த காந்திகிராமத்தோடு அவர் இணைந்து பணியாற்றினார். ஆனால் அவர் விட்டுச்சென்றவற்றுள் மேலானது எந்த ஸ்தாபனமும் அன்று. அவரோடு பழகி அவருடைய நெறியில் தோய்ந்த ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும், அவருக்குத் தோன்றியிராத வழிகளில், வினோபாவின் பூதான யாத்திரையிலும் கீழத்தஞ்சையின் நிலமற்றோரிடையேயும் நடந்தார்களே, அதுதான். வாங்கிக்கொண்டவர்கள் கொடுத்தவரை மிஞ்சிப் போனார்கள்.

5. முதுமை தந்த விடை

முதுமை காரணமாகப் பிரிந்தவர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், இருவரைத் தவிர.

அவ்விருவருள் முதல்வர் ராபர்ட் கால்டுவெல். 1838ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் இறங்கி, கால்நடையாகவே தென்கோடி வரை வந்து, 1841ஆம் ஆண்டில் தேரிக்காட்டின் நடுவே இடையன்குடியில் குடியேறியவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ஆம் ஆண்டில் வெளியிட்டவர். குற்றாலத்தின் மழைக்கால இதத்தையும் திருநெல்வேலியின் சரித்திரத்தையும் 1881ஆம் ஆண்டு நூலில் எழுதி வைத்தவரும் அவரே. தேகஸ்திதி தளர்ந்து, 1891ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பதவி துறந்து கொடைக்கானலுக்குச் சென்றார். ஆகஸ்ட் 28ஆம் நாள் அங்கே மறைந்தார். மோட்டார் சாலை இல்லாத அந்நாளில், மலையிலிருந்து அவருடைய உடலை இறக்கி, முப்பத்துமூன்று ஆண்டுகளாக அவர் பார்த்துப் பார்த்துக் கட்டுவித்து 1880ஆம் ஆண்டில் நிறைவேற்றிய இடையன்குடிக் கோயிலிலேயே அடக்கம் செய்தனர். அவர் எழுதிய சாணார் பற்றிய சிறுநூல் அம்மக்களைப் புண்படுத்தியது என்பதையும், அதனால் எழுந்த எதிர்ப்பு நெடுங்காலம் நீடித்தது என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஊரைத் தன்னூராகக் கொண்ட ஒருவரும் அவ்வூர் மக்களைப் பிழையாக எழுதிவிடக்கூடும். நெடுநாள் வாசம் அப்பிழைக்கு மாற்றாகாது.

மற்றவர் ஜி. யு. போப். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தென்னாட்டில் இருந்துவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பியவர். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886ஆம் ஆண்டிலும், நாலடியார் 1893ஆம் ஆண்டிலும், திருவாசகம் 1900ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அதாவது அவரைத் தமிழர் நினைவில் நிறுத்திய நூல்கள் யாவும் தமிழ்நாட்டை விட்டுப் போன பிறகே அச்சேறின. தம் கல்லறையில் ‘தமிழ் மாணவன்’ என்று பொறிக்கச் சொன்னார் என்ற கதை நம் பாடப்புத்தகங்கள் வரையில் பரவியிருக்கிறது. ஆக்ஸ்போர்டில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லில் அத்தொடர் இல்லை. அக்கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து நாட்டினார்கள் என்ற செய்திதான் அதில் உள்ளது. கதையைவிடக் கல் சொல்வதே எனக்கு உயர்வாகப் படுகிறது: கடலுக்கு அப்பால் கிடந்த ஒருவருடைய தலைமாட்டில் கல் நாட்ட, அவர் விட்டுப்போன ஊரார் கை நீட்டினார்கள் அல்லவா!

கொல்லிமலையில் ஏவலின் பிராண்ட் அம்மையார், ஓய்வு வயது வந்துவிட்டதென்று மிஷன் சொன்னபோது, மிஷனை விட்டு விலகித் தம் பொறுப்பிலேயே மலைமலையாக ஏறி இறங்கி, 1974ஆம் ஆண்டில் தொண்ணூற்றைந்தாம் வயதில் இறந்தார். அதே 1974ஆம் ஆண்டில், பல்லாண்டுகள் தமிழ்நாட்டில் பணியாற்றிய பேராயர் லெஸ்லி நியூபிகின், ஓய்வு பெற்றதும் தம் மனைவியாரோடு இரண்டு பெட்டிகளும் ஒரு முதுகுப்பையும் கொண்டு, பேருந்து மாறிப் பேருந்து ஏறித் தரைவழியாகவே இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஒருவர் போக மறுத்தார். மற்றவர் மெல்லப் போனார். அன்பின் அளவில் இவரைவிட அவர் மேல் என்று எந்தத் தராசைக் கொண்டு நிறுத்துச் சொல்வது?

6. நாள் குறித்து வரும் தொண்டர்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொண்டின் காலக்கணக்கே மாறிவிட்டது. 1961ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி தோற்றுவித்த அமைதிப்படையின் தொண்டர்கள் அவ்வாண்டின் இறுதியிலேயே இந்தியாவுக்கு வந்தனர். கோழி வளர்ப்பு, சத்துணவு, உழவு முதலிய துறைகளில் கிராமங்களில் தங்கிப் பணிசெய்தனர். 1976ஆம் ஆண்டில் அவ்வமைப்பு இந்தியாவை விட்டு நீங்கியது. அவர்களுடைய தவணை பெரும்பாலும் இரண்டு ஆண்டு. வந்து இறங்கும் நாளிலேயே திரும்பும் நாளும் தெரியும். முன்னோர் ஆயுளை ஒப்படைத்தார்கள், இவர்கள் இரண்டு வருஷத்தைக் கடன் கொடுத்தார்கள் என்று ஒப்பிட்டுக் குறைசொல்வது எளிது. ஆனால் போகும் நாள் முன்கூட்டியே தெரிந்திருப்பதில் ஒரு நன்மை உண்டு: எதைச் செய்தாலும், நான் போன பின் இதை யார் செய்வார் என்று கேட்டே செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டவருடைய பணி நிலைத்தது. கேட்காதவர் போட்ட கூண்டில் கோழி இல்லாமற்போயிற்று.

இக்குறுகிய காலத் தொண்டிலே ஒரு பெரிய தீங்கும் உண்டு. அதைப் பற்றிப் பொறுமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. பெற்றோரைப் பிரிந்த குழந்தைகள் வாழும் இல்லங்களுக்கு வாரக்கணக்கில் வந்து, அவர்களைத் தூக்கிக் கொஞ்சிப் பழக்கிவிட்டு, பிறகு விமானம் ஏறிவிடும் வழக்கம் உலகெங்கும் பெருகியது. வருபவருக்கு அது மறக்கமுடியாத அநுபவம். குழந்தைக்கோ அது மீண்டும் மீண்டும் கைவிடப்படுதல். முதல் ஆள் போனபோது அழுத குழந்தை, பத்தாவது ஆள் போகும்போது அழாமலிருக்கும். அதைத் தைரியம் என்று எண்ணுவோர் குழந்தைகளை அறியாதவர். 2019ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, பெற்றோர் பராமரிப்பை இழந்த குழந்தைகள் பற்றிய தீர்மானத்தில், இத்தகைய இல்லங்களைச் சார்ந்த தன்னார்வப் பணியின் கேடுகளையும் எடுத்துக்காட்டியது. ஆகவே, பிரிவுக்கு ஆயத்தம் செய்வது தொண்டரின் மனநிம்மதிக்கான சடங்கு அன்று. அது எதிரே நிற்கும் குழந்தைக்குச் செய்ய வேண்டிய கடன்.

ஆய்க்குடியில் நடப்பது இதனின்றும் வேறு. அங்கே ஸ்தாபனத்தை நிறுவியவரும் நடத்துபவரும் அம்மண்ணின் மக்கள். அதிலும், தாமே சக்கர நாற்காலியிலிருந்து அப்பணியை நடத்துபவர்கள். வெளியிலிருந்து வருபவர் தலைமையேற்க வருவதில்லை. தம் துறையறிவை, ஊர் ஊராகச் சென்று இளங்குழந்தைகளுக்குப் பயிற்சியளிக்கும் உள்ளூர்ப் பணியாளருக்கும், அவர் மூலமாகத் தாய்மாருக்கும் கொடுத்துச் செல்ல வருகிறார்கள். வந்தவர் போனால் வீடு இடிவதில்லை. ஏனெனில் வீடு வந்தவருடையது அன்று.

7. கையடை

பழந்தமிழில் ‘கையடை’ என்றொரு சொல் உண்டு. ஒருவரைக் காப்பாயாக என்று மற்றொருவர் கையில் நம்பி ஒப்புவித்தல் அதன் பொருள். தசரதன் இராமனை விசுவாமித்திர முனிவனிடம் ஒப்படைக்கும் பகுதிக்குக் கம்பராமாயணத்தில் கையடைப் படலம் என்றே பெயர். குற்றாலத்தில் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1954ஆம் ஆண்டில் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், இந்த அருவிகளின் ஓசைக்கிடையே நண்பர்களுக்குக் கம்பனை எடுத்துரைத்த ஊரில் நின்று இச்சொல்லை நினைப்பது பொருத்தமாக இருக்கிறது. தசரதனுக்கு அது உயிரைப் பிரிப்பது போன்ற துயரம். ஆயினும் காப்பவன் கையை அறிந்து கொடுத்தான்.

விட்டுவிட்டுப் போவது வேறு, கையடையாக வைத்துப் போவது வேறு. முன்னதில் போகிறவர் மட்டுமே உண்டு. பின்னதில் வாங்குகிறவரும் உண்டு. இதுகாறும் கண்ட வரலாறுகளை இந்த வேறுபாட்டைக் கொண்டு நோக்கினால், தங்கியவர், திரும்பியவர் என்ற பழைய பாகுபாடு பயனற்றதாகிறது. கார்மைக்கேல் தங்கினார், ஆனாலும் கையடைக்காக இருபது ஆண்டு தவித்தார். ரேனியஸுக்கு அதற்கு இடமே தரப்படவில்லை. கெய்த்தான் இருமுறை துரத்தப்பட்டும் அதைச் செய்து முடித்தார்.

ஐந்தருவிக்குப் போகும் வழியில் சீசன் காலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து விற்கிறார்கள். ஜாதிக்காயும் கிராம்பும் கிடைக்கும். இவை குற்றாலத்துக்கே உரிய பொருள்கள் என்று எண்ணி வாங்கிப் போகிறவர் பலர். உண்மையில் இவை கீழைத் தீவுகளின் பயிர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியார் ஏறக்குறைய 1800ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வாணிப நோக்கத்தோடு இங்கே வாசனைத் தோட்டங்களை ஏற்படுத்தியதிலிருந்து இம்மண்ணின் இத்தகைய பயிர்த்தொழில் தொடங்குகிறது. கம்பெனியும் போயிற்று, தோட்டத்தை அளந்த துரைகளும் போனார்கள். நீர் பாய்ச்சியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நீர் பாய்ச்சியவர்களின் பெயர்கள் மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. இக்குறை நம் வினாவின் ஆராய்ச்சி முழுவதையும் பாதிக்கிறது. பிரிவைப் பற்றிய சான்றுகள் ஏறக்குறைய யாவும் பிரிந்து போனவருடைய எழுத்துகளே: கடிதங்கள், நாட்குறிப்புகள், லண்டனில் அச்சான சரிதங்கள். 1830களில் குற்றாலத்து மலைகளில் செடிகொடிகளைத் திரட்டிய ராபர்ட் வைட் 1853ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். அவருக்காகச் சித்திரம் வரைந்த ரங்கையா, கோவிந்து என்ற இரு தமிழகக் கலைஞரின் பெயர்களை நாம் அறிவது, வைட் அவற்றைக் குறித்து வைத்ததால்தான். அத்தகைய குறிப்பு இல்லாதவர் எத்தனை ஆயிரம் பேர்! கால்டுவெல்லை மலையிலிருந்து சுமந்து இறக்கியவர் யார்? கால்டுவெல்லின் மனைவியார் எலைசா இடையன்குடியில் கற்பித்த பின்னல் வேலையை, அவருக்குப் பிறகு தம் பெண்மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? ரேனியஸ் திரும்பி வர வேண்டும் என்று கூடிப் பேசிய உபதேசியாரின் வீடுகளில், அப்போது பெண்கள் என்ன சொன்னார்கள்? டோனாவூரில் வளர்ந்து அங்கேயே முதிர்ந்த பெண்மணிகளின் வாய்மொழி இன்னும் கேட்கக் கிடைக்கும்போதே அதைக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆவணிச் சாரல் ஓய்ந்த ஒரு நாளில் ஆய்க்குடியிலிருந்து ஒரு தொண்டர் தென்காசி ரயிலடிக்குப் புறப்படுவார். வழியனுப்ப வந்தவர்கள் நேந்திரங்காய் வறுவலும் அல்வாவும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்குக் குழந்தையைப் பாயில் கிடத்தி, முழங்காலை மடக்கி நீட்டி, எண்ணத் தொடங்குவாள் அதன் தாய்.